காத்து பாக்குறவ வூடு

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை ஆறரைக்கே முதுகு சுடுகிற வெயில். கரட்டுக் குன்றின் உச்சியில் காற்று: துளிகூட இல்லை. காற்று அளக்கும் டவரில் இருக்கிற கிண்ணங்கள் மூன்றும் அசையாமல் நின்றன.

பார்த்தவை. டவரை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள்: சரி. பெட்டிப் பூட்டு: சரி. கிழக்குக் கம்பியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது: சரியில்லை. முனியம்மா அக்காவுடையது. நாலு வீடு தள்ளி இருக்கிறாள், ஆடு மேய்க்கக் கரட்டுக்கு வருவாள். போன மாதமே சொன்னேன். "காத்து அளக்குற கம்பியில சேல காயப்போட்டா காத்து கொறஞ்சா பூடும்?" என்று என்னையே கேட்டாள். மடித்துக் கல்மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

கம்பெனி நோட்டில் "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்து. சேலை விஷயம் இந்த நோட்டில் மட்டும்.

டவர் நட்டு இந்த மாதத்தோடு ஒரு வருஷம். எங்கள் கரட்டில் எவ்வளவு காற்று, எந்தத் திசையில் என்று பெட்டியே பதிந்து அனுப்பிவிடும். நான் காவல்தான். காற்று போதும் என்று கணக்கு வந்தால் இங்கேயே காற்றாலை வைப்பார்கள். வேலை தெரிந்த உள்ளூர் ஆளுக்கு முதல் இடம் என்று இன்ஜினியர் தினேஷ் சார் சொல்லியிருக்கிறார். இந்தச் சுற்று வட்டாரத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அமல் தெற்கே கோடியில் காற்றாலையில் டெக்னீஷியன். மே பிறந்தால் அங்கே காற்று சீசன். மிஷின் நிற்கக் கூடாது, ஆளும் நகரக் கூடாது. செப்டம்பர் முடிகிற வரை லீவு என்ற பேச்சே கிடையாது. ஜெனி பிறந்தது ஜூலையில். அப்பா முகத்தை அவள் பார்த்தது அக்டோபரில். அதனால் எனக்குக் காற்று என்றாலே ஆகாது. தென்னை மட்டை ஆடினாலே எரிச்சல் வரும். இந்த ஒரு வருஷமாகத்தான் எல்லாம் தலைகீழ். தினமும் கரட்டில் நின்றுகொண்டு "அடி, இன்னும் கொஞ்சம் அடி" என்று கெஞ்சுகிறேன்.

நாளை வருகிறார். பத்து நாள் லீவு.

செய்ய: தலையணை உறை. இட்லிக்கு ஊறவைக்க. ஜெனிக்கு முடி வெட்ட. முனியம்மா அக்காவிடம் சேலை விஷயம் (கோபமில்லாமல்).

ஏப்ரல் 23, புதன்

காற்று: லேசாக, தெற்கிலிருந்து. ஏழு மணிக்கு வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். கழுத்து மட்டும் கறுத்து, சட்டைக்குள் வேறு நிறம். ஜெனி தோளில் ஏறியவள் பத்து மணி வரை இறங்கவில்லை.

கொண்டுவந்தது: நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட், பனங்கற்கண்டு, எனக்கு ஒரு குடை. இந்த வெயிலுக்குத்தான் என்றார். பூப்போட்டது. பிடித்திருக்கிறது, சொல்லவில்லை.

மத்தியானம் பரண்மேல் இருக்கும் பெரிய அண்டாவை எடுக்கச் சொன்னேன். ஏணியைச் சாத்தினார். இரண்டு படி ஏறினார். ஏணியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். "அப்புறமா எடுக்கலாம் மேரி" என்று இறங்கிவிட்டார். "அங்க அவ்ளோ ஒசரம் ஏறுறவருக்கு இங்க பரண் ஏற வலிக்குதா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். நானே ஏறி எடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காற்று: மிதம். கிண்ணங்கள் நன்றாகச் சுற்றின. அவரும் கூடவே கரட்டுக்கு வந்தார். டவரைக் கீழிருந்தே ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "நல்லாத்தான் நட்டிருக்கறாங்க" என்றார். எனக்குப் பெருமை, நான் நட்ட மாதிரி.

முனியம்மா அக்கா ஆடுகளோடு வந்தாள். கரட்டு அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் மாதேஷ் அண்ணனும் வந்தார். காற்றாலை வந்தால் ரோடு அவர் தோப்பு ஓரமாகத்தான் போக வேண்டும்.

முனியம்மா அக்கா எடுத்தவுடனே, "தம்பி, இந்தக் காத்தாடி வந்தா மழ வராதாமே? மேகம் வந்தா ஊதித் தள்ளிடுமாமே?"

அமல்: "அக்கா, உங்க வூட்டு ஃபேனு எதுல ஓடுது?"

"கரெண்டுல."

"கரெண்டு குடுத்தா ஃபேனு காத்து குடுக்குது. காத்தாடி அதுக்கு நேர் மறுபக்கம். காத்து குடுத்தா அது கரெண்டு குடுக்கும். அது ஊதாது அக்கா, வாங்கிக்கும்."

அக்கா யோசித்தாள். "அப்போ எங்க காத்த எடுத்துக்குமா?"

மாதேஷ் அண்ணன் சிரித்து இருமிவிட்டார். எனக்கும் சிரிப்பு. ஆனால் கேள்வி சரியான கேள்விதான் என்றார் அமல். கொஞ்சம் எடுத்துக்கொள்ளுமாம். காத்தாடிக்கு முன்னால் வருகிற காற்றைவிடப் பின்னால் போகிற காற்று கொஞ்சம் தளர்ந்திருக்குமாம். அதனால்தான் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். ஊருக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது, மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். மூன்று இறக்கை. காற்று பட்டால் மெதுவாகத்தான் சுற்றும். தலைக்குள்ளே பல்சக்கரப் பெட்டி, அது அந்த மெதுவான சுற்றை வேகமான சுற்றாக்கும். அந்த வேகத்தில் ஜெனரேட்டர் ஓடும். "சைக்கிள் டைனமோ தெரியுமில்ல? மிதிச்சா லைட்டு எரியும். அதுதான், பெருசா. இங்க மிதிக்கிறது காத்து." அங்கிருந்து கேபிள் வழியாகக் கீழே இறங்கி, டிரான்ஸ்பார்மர், பிறகு லைன். காற்று திசை மாறினால் தலையும் தானே திரும்பிக்கொள்ளுமாம். காற்று ரொம்ப முரடாக வந்தால் இறக்கையை ஒருக்களித்துக்கொண்டு தானே நின்றுவிடுமாம்.

மாதேஷ் அண்ணன் விடவில்லை. "நல்லதா சொல்றீங்க. கெட்டது என்னாங்க?"

இவர் அதையும் சொன்னார்! பக்கத்தில் வீடு இருந்தால் உஸ் உஸ் என்று சத்தம் கேட்கும். சாயங்கால வெயிலில் இறக்கையின் நிழல் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வௌவால், பருந்து அடிபடும். இறக்கை கொண்டுவருகிற லாரி வளைய வேண்டும் என்றால் மரத்தை வெட்டுவார்கள். "மோட்டாரு போடற நேரத்துக்குன்னு பாத்து காத்து வராதுங்க. அது இஷ்டத்துக்குத்தான் வரும்." மாதேஷ் அண்ணன் தோப்பைத் திரும்பிப் பார்த்தார்.

இறங்கும்போது எனக்குக் கோபம். "நம்ம வூட்டுக்கு வர்ற வேலய நீங்களே வெரட்டுறீங்க."

"கேட்டாரு, சொன்னேன்."

"எல்லாத்தயும் சொல்லணுமா?"

அவர் வேகமாக முன்னால் நடந்தார். இரவுச் சாப்பாடு பேச்சில்லாமல். அவருக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றவில்லை. கேட்டிருந்தால் ஊற்றியிருப்பேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் காற்று இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஜெனி காலையிலிருந்து "போரடிக்குது".

அவர் சொன்னதை நானும் யோசித்துப் பார்த்தேன். என் கணக்குக்கு எழுதுகிறேன்.

நல்லது: நிலக்கரி வேண்டாம். புகை இல்லை, சாம்பல் இல்லை. தண்ணீர் கேட்காது (நம் ஊரில் இது பெரிய விஷயம்). காற்றுக்கு யாரும் பில் போட முடியாது. கீழே கடலை போடலாம், ஆடு மேயலாம். அமல் ராத்திரி வீட்டுக்கு வருவார்.

கெட்டது: அடிக்கிறபோதுதான் உண்டு. அடிக்காவிட்டால் வேறு எங்கிருந்தாவது கரண்டு வர வேண்டும். சத்தம். நிழல். வௌவால் பாவம். மாதேஷ் அண்ணன் தோப்பில் ஓரத்து மரங்கள். பழசான இறக்கையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாதாம், புதைக்கிறார்களாம். மேலே ஏறி ரிப்பேர் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

கடைசியாக எழுதியதைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை. அவர் வேலை என்றால் வேலை, அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலரை. திடீரென்று வானம் கறுத்துக் கோடைக் காற்று. புழுதி, இடி, ஆலங்கட்டி. மாதேஷ் அண்ணன் தோப்பில் காய் விழுகிற சத்தம் இங்கே கேட்டது. வாசலில் நின்று டவரைப் பார்த்தேன். கிண்ணங்கள் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். "பாருங்க, பாருங்க, நம்ம காத்த!" என்று கத்தினேன். அவர் வரவில்லை. உள் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் கணக்குல வராது மேரி. அரை மணி நேரம் ஆடிட்டுப் போயிடும். தெனமும் சீரா வரணும்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இன்னும் ரசக் கோபம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூசை முடிந்து வந்து பதினொரு மணி. வாசலில் ஒரு பெண், முப்பதுக்குள் வயது. இடுப்பில் ஐந்து வயசுப் பிள்ளை, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு. இண்டூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"காத்து பாக்குறவங்க வூடு இதுங்களா?"

டீக்கடையில் என்னை அப்படித்தான் சொல்வார்கள், காத்து பாக்குற மேரி என்று. "ஆமாங்க, நாந்தான்" என்றேன்.

"எந்தெந்தக் கெழமையில பாப்பீங்க? வெள்ளி செவ்வா மட்டுந்தானுங்களா?"

"தெனமும் பாப்பங்க. காலையில ஆறரைக்கு."

"பாத்தாலே தெரிஞ்சுடுங்களா?"

"மேல மூணு கிண்ணம் இருக்குதுங்க. அது சுத்துறத வெச்சு தெரியும்."

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கிண்ணம் தானா சுத்துதுங்களா!"

"தானாத்தாங்க. காத்து வந்தா சுத்தும், போனா நின்னுடும்."

"போயிடுதுங்களா? போவ வெக்க முடியுங்களா?" கண்ணில் தண்ணீர். "எம் புள்ளைக்குப் பட்டிருக்குதுங்க. பத்து நாளா தூக்கமில்ல."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் ஊரில் காற்று என்றால் இரண்டு. ஒன்று வீசுவது. இன்னொன்று பிள்ளைகளைப் பிடிப்பது. இவள் இரண்டாவதைப் பார்க்கிற ஆளைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

உட்காரவைத்து மோர் கொடுத்தேன். நான் அந்தக் காத்து பார்ப்பவள் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, தட்சிணை பேசாததால் தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பெயர் கலா. பிள்ளை பெயர் தர்ஷினி. கலாவின் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. பத்து நாளைக்கு முன்னால் கோடைக் காற்றில் வீட்டுக் கூரை ஷீட் ஒன்று பிடுங்கிக்கொண்டு பறந்திருக்கிறது. பிள்ளை அடியில் படுத்திருந்தாள். அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து இலை அசைந்தால்கூட அலறுகிறாள்.

கலா மோரை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். டீயாவது போடலாம் என்று உள்ளே போனேன். பிள்ளை வாசல்படியில் நின்றது. அமல் வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சமையல்கட்டு ஜன்னல் அவர்கள் முதுகுக்கு நேராக. எல்லாம் கேட்டது.

"காத்துன்னா பயமா பாப்பா?"

பிள்ளை தலையை ஆட்டியது.

"மாமாவுக்கும் பயம்தான்."

பிள்ளை அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீ பெருசா இருக்கறியே."

"பெருசா இருந்தா பயப்படக்கூடாதா? மாமா காத்தாடி மேல ஏறி வேல செய்யற ஆளு. தென்ன மரம் இருக்குதில்ல, அதுமேல அதுமேல அடுக்குனா வர்ற ஒசரம். மேல போனா எல்லாம் ஆடும். மொதல்லல்லாம் பயமில்ல. போன மாசம் ஒரு நாளு எறங்கிட்டு இருக்கறேன், பாதி ஏணியில கை பூட்டிக்கிச்சு. பிரிக்க வரல. காலு நகரல. கூட வேல செய்யறவரு கீழருந்து ஏறி வந்து, ஒவ்வொரு வெரலா பிரிச்சுவுட்டாரு."

"அழுதியா?"

"அழுதேன்."

"யாருகிட்ட சொன்ன?"

"உங்கிட்டதான்."

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அணைக்கவில்லை.

பிள்ளை அடுத்துக் கேட்டது இதுதான்: "எங்க வூட்டு ஷீட்டு மறுக்காவும் பறக்குமா?" அமல் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. கலாவைக் கூப்பிட்டு, ஷீட்டை எதில் மாட்டியிருக்கிறது என்று விசாரித்தார். ஆணிதான் அடித்திருக்கிறார்கள். "ஆணி நிக்காதுங்க. வளஞ்ச போல்ட்டு போட்டு, அடியில வாஷர் குடுத்து முடுக்கச் சொல்லுங்க. ஓரத்துல மணல் மூட்ட நாலு. அப்புறம் பறக்காது." பிள்ளையிடமும் அதையே சொன்னார்: "போல்ட்டு போட்டா பறக்காது. போடறப்போ நீ கூட நின்னு எண்ணு." பிள்ளை விரலை நீட்டி எத்தனை என்று கேட்டது.

கலாவுக்குத் திருப்தி இல்லை. போல்ட்டுக்காகவா இரண்டு பஸ்? "எதாச்சும் பண்ணி வுடுங்க அக்கா." எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜெனியைத் தூங்கவைக்கும்போது நெற்றியில் சிலுவை போடுவேன். அதையே தர்ஷினிக்கும் போட்டேன். என் கை நடுங்கியது. அதைப் பார்த்துக் கலாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, ஏதோ இறங்கியிருக்கிறது என்று. முந்தானையிலிருந்து சாமந்திப் பூ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கை நடுங்கியது வேறு காரணத்துக்கு.

ஏப்ரல் 28, திங்கள்

காற்று: பார்த்தேன், என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லை.

நான் கேட்டது அவருக்குத் தெரியாது. சொல்லவா வேண்டாமா. சொன்னால் கூனிக்குறுகிப்போவார். சொல்லாவிட்டால் மூன்றாம் தேதி பஸ் ஏறிப் போய் நாலாம் தேதி அந்த ஏணியில் ஏறுவார். சீசன் தொடங்கினால் தினமும்.

பரணுக்கு ஏணி சாத்தி இரண்டு படியில் நின்றாரே. நான் சிரித்தேனே. காற்றில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாரே. நான் ரசம் என்று நினைத்தேனே. மிஷினைப் பற்றி ஒரு குறை விடாமல் மாதேஷ் அண்ணனுக்குச் சொன்ன மனுஷன், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

கோபமும் வருகிறது. ஐந்து வயசுப் பிள்ளையிடம் சொல்ல முடிகிறது, என்னிடம் முடியவில்லை. பிறகு யோசித்தால், என்னிடம் எப்படிச் சொல்வார்? போனில் ஒவ்வொரு தடவையும் "எங்கப்பா எவ்ளோ ஒசரம் ஏறுவாரு தெரியுமா" என்று ஜெனி தெருப் பிள்ளைகளிடம் அளப்பதை நானே அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இங்கேயே காற்றாலை வந்தாலும் ஏறித்தானே ஆக வேண்டும். இதுவரை ஏன் எனக்கு இது தோன்றவில்லை.

கோழிக் குழம்பு வைத்தேன். மூன்று தடவை ஊற்றினேன். "என்னா இன்னிக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

ஏப்ரல் 29, செவ்வாய்

பத்து மணிக்குத் தினேஷ் சார் போன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சுங்க. சீசன் மாசத்துல பரவால்லைங்க. மத்த மாசமெல்லாம் ரொம்பக் கம்மி. வருஷக் கணக்குக்குப் பத்தலைங்க."

"கொஞ்சம்கூட சேத்துப் பாக்க முடியாதுங்களா?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது. அவர் பாவம், சிரிக்கவில்லை. நாளைக்கு ஆட்கள் வந்து டவரைப் பிரிப்பார்கள் என்றார்.

அமலிடம் சொன்னேன். "நாந்தான் மொதல்லயே பாத்தனே" என்றார். கரட்டைப் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேற்கே மலை மறைக்கிறதாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையாம். இவர் சொல்லாமல் வைத்திருப்பவற்றுக்கு ஒரு தனி நோட்டுப் போட வேண்டும்.

சாயங்காலம் தனியாகக் கரட்டுக்குப் போனேன். அப்போது பார்த்து அப்படி ஒரு காற்று, குடையைப் பிடுங்கியது. "இப்ப எதுக்கு வர்ற?" என்று சத்தம் போட்டுக் கேட்டேன். முனியம்மா அக்கா ஆடுகளோடு புதர் மறைவில் நின்றிருக்கிறாள். "யாருகூடப் பேசற மேரி?" "காத்துகூட அக்கா." அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வேகமாக இறங்கிவிட்டாள். இனி இன்னும் இரண்டு பஸ்ஸில் ஆள் வரும்.

ஏப்ரல் 30, புதன்

வெயில். காற்று லேசு, பிரிப்பதற்கு நல்லது என்றார்கள்.

எட்டு மணிக்கு வேனில் ஆட்கள். ஏறுகிறவர்கள் இரண்டு பேர் வர வேண்டியது. ஒருவருக்கு வழியெல்லாம் வாந்தி, வேனிலேயே படுத்துவிட்டார். மேலே ஒருவர் போல்ட் கழற்ற, இன்னொருவர் கயிறு பிடிக்க வேண்டும். தனியாக ஏறக் கூடாது. தினேஷ் சார் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு கண் அமல்மேல் விழுந்தது.

ஊரே நின்றது. மாதேஷ் அண்ணன், முனியம்மா அக்கா, லீவு விட்ட பிள்ளைகள், ஜெனி.

"அண்ணா, நீங்க எத்தன வருஷ அனுபவம்! இது உங்களுக்குச் சும்மாங்க. பெல்ட்டெல்லாம் இருக்குது."

ஜெனி கையைத் தட்டி, "எங்கப்பா ஏறுவாரு!" என்றாள்.

நான் குறுக்கே புகுந்தேன். முந்தாநாளே ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன், வேறு எதற்கோ. "அவருக்குத் தோள்பட்ட வலிங்க சார். டாக்டரு ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாரு."

அமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தோள்பட்டயெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றார். "எனக்குப் பயமா இருக்குது. நான் ஏறல."

தினேஷ் சார்தான் முதலில், "சரிங்கண்ணா, பரவால்லைங்க. பயத்தோட ஏறுனாத்தான் ஆபத்து" என்றார். நல்ல பிள்ளை. சேலத்திலிருந்து வேறு ஆள் வரவழைக்கப் போனை எடுத்தார்.

ஜெனி அப்பாவிடம் போய் நின்று, ரகசியம் பேசுகிற குரலில், "நெசமாவாப்பா?" என்றாள். "நெசமாத்தான் கண்ணு." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருப் பிள்ளைகளிடம் இனி என்ன அளப்பாளோ.

கரடு இறங்கும்போது கேட்டார், "எப்போ தெரியும்?"

"ஞாயித்துக்கெழம. டீ வழிஞ்சப்போ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

பாதி வழியில் என் தோளில் கை போட்டார். ஊர் பார்க்கிற இடத்தில் அவர் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. நான் கையைத் தட்டிவிடவில்லை.

மே 1, வியாழன்

டவர் முழுதும் இறங்கிவிட்டது. கட்டுக் கட்டாக வேனில் ஏற்றினார்கள். தரையில் கிடக்கையில் அந்தக் கிண்ணங்கள் இவ்வளவுதானா என்று இருந்தது, ஜெனி சொப்பு அளவு. பெட்டிச் சாவியைக் கொடுத்தேன். கம்பெனி நோட்டையும் கொடுத்தேன்.

கரட்டில் நான்கு சிமெண்ட் மேடை மட்டும் மிச்சம். ஒன்றில் முனியம்மா அக்கா சேலை.

நாளைக் காலையிலும் ஆறரைக்கு விழிப்பு வரும். என்ன செய்வேன்.

மே 2, வெள்ளி

சைட் இன்சார்ஜுக்கு அமல் போன் போட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வெங்காயம் உரிக்கிற மாதிரி. ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினேன், போட்டார்.

"சார், என்னால மேல ஏற முடியலைங்க. மார்ச்சுல நடந்தது உங்களுக்குத் தெரியும்."

எதிர்ப்பக்கம் பெருமூச்சு. "சீசன் ஆரம்பிக்கிற நேரத்துல சொல்றியேப்பா. வந்து டாக்டரப் பாரு. கீழ மானிட்டர் ரூம்ல ஒரு ஆள் கேட்டிருக்கோம். கிடைச்சா பாக்கலாம். இல்லன்னா ஏறித்தான் ஆகணும், வேற வழியில்ல. நான் இப்போ எதுவும் உறுதியா சொல்ல முடியாது."

"சரிங்க சார்."

போனை வைத்ததும் சொன்னேன்: "ஏறச் சொன்னா திரும்பி வந்துடுங்க. கடல புடுங்கற வேல இங்க இருக்குது. தையல் மிஷினு இருக்குது. நான் பாத்துக்கறேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருதான் கரட்டுலயே பாத்துடுச்சே."

சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு, அந்தப் பரண் சிரிப்பைக் கழித்துவிட்டால்.

மூட்டை: சட்டை 5, லுங்கி 2, புளிக்காய்ச்சல் பாட்டில், கொள்ளுப் பொடி, மாதேஷ் அண்ணன் கொடுத்த மாங்காய் (காற்றில் விழுந்தவை).

மே 3, சனி

சேலம் போய் அங்கிருந்து நாகர்கோவில் பஸ். ஆறு மணிக்கு ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பிடித்தேன். கண்டக்டர் விசில் அடித்தார். விரலை நான்தான் முதலில் விட்டேன்.

தர்ஷினி வீட்டிலிருந்து போன் வந்ததை எழுத மறந்தே போனேன். போல்ட் போட்டாயிற்றாம், மொத்தம் முப்பத்தி இரண்டாம், பிள்ளை எண்ணியிருக்கிறது. இரண்டு நாளாகத் தூங்குகிறாளாம். கலா என் கையின் மகிமை என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

மே 5, திங்கள்

அங்கே காற்று தொடங்கிவிட்டதாம். இரவு இரண்டு நிமிஷம் பேசினார். டாக்டர் பார்த்தாயிற்று. ரூம் வேலை பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "நாளக்கி தெரியும்." குரல் களைப்பு.

மே 6, செவ்வாய்

போன் இல்லை.

மே 7, புதன்

இரவு வரை போன் இல்லை. நான் போட்டதற்கு எடுக்கவில்லை. ப்ளவுஸ் ஒன்றுக்குக் கை மாற்றித் தைத்துப் பிரித்தேன். ஜெனி கேட்டாள், "அப்பா ஏறிட்டாராம்மா?" தெரியாது கண்ணு என்றேன்.

மே 8, வியாழன்

காலை பதினொன்றேகால். அடுப்பில் குழம்பு, கையெல்லாம் பூண்டுத் தோல். போன் அடித்தது. அவர் பெயர்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஏறுகிற நாளில் போனைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். காலை எட்டிலிருந்து ஐந்து வரை அங்கிருந்து போன் வராது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பகலில் அவர் நம்பர் வந்ததில்லை. வந்தால் வேறு யாரோதான் அவர் போனில் பேசுவார்கள் என்று எப்போதும் எனக்குள் ஒரு எண்ணம்.

எடுத்தேன்.

"மேரி?"

அவர்தான்.

"என்னங்க, என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலயே."

"அப்புறம் எதுக்கு இந்நேரத்துக்கு?"

"சும்மாதான். ரூம்ல போட்டுட்டாங்க, இன்னிலருந்து. ரெண்டு நாளா அலைச்சல், பேச முடியல. கீழதான் இருக்கறேன், நாற்காலியில." பின்னால் யாரோ பேசுகிற சத்தம், ஃபேன் சத்தம். "என்னா கொழம்பு?"

எனக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்துச் சொன்னேன்.